கேட்கும் மருந்து, கேட்காத மருந்து

பெரிய காக்கி உறை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறியவர்களை உங்களுக்கு நினைவிருக்கும்; உங்கள் வீட்டிலேயே யாராவது அப்படி ஏறியிருக்கலாம். உள்ளே சிடி ஸ்கேன் பிலிம். அது மடங்கிவிடக் கூடாது, நனைந்துவிடக் கூடாது, பக்கத்து சீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில் சாய்ந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் காத்துக்கொண்டு வருவார்கள். கண்டக்டரும் ‘ஆஸ்பத்திரிப் படம் வெச்சிருக்காங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்று இடம் பண்ணிக் கொடுப்பார். எண்பதுகளின் கடைசி அது. புற்றுநோய்ப் பிரிவில் நான் இளம் டாக்டர். பிலிமை உருவி விளக்குப் பெட்டியில் செருகுவேன். டியூப்லைட் ஓரிரு முறை மினுங்கிவிட்டு எரியும். நோயாளியின் மனைவியோ அண்ணனோ எனக்குப் பின்னால் வந்து நின்று, என்னோடு சேர்ந்தே முதன்முறையாக அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். ‘வெள்ளையா வளையமாட்டம் தெரியுதே, அதுதானா சார்?’ என்று விரல் நீட்டுவார்கள். அதுதான். ஓரம் வெளுத்து நடு கறுத்த அந்த வளையத்துக்குப் பெரும்பாலும் கிளியோபிளாஸ்டோமா என்று பெயர் இருந்தது. மூளையில் தோன்றும் கட்டிகளில் அதைவிட மூர்க்கமானது அரிது.

இன்று எம்ஆர்ஐ படம் நோயாளிக்கு முன்பே என் கணினிக்கு வந்துவிடுகிறது. அவர் நாற்காலியில் உட்காரும்போது நான் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருக்கிறேன். இதனால் நேரம் மிச்சம், பல வேளைகளில் உயிரும் மிச்சம்; ஆனால் ஒரே படத்தின் முன்னால் நானும் அவர் வீட்டாரும் தோளோடு தோள் நின்று, தெரியாததைச் சேர்ந்தே தெரிந்துகொண்ட அந்தச் சில நிமிஷங்கள் போய்விட்டன. அவற்றை நான் இன்னும் தேடுகிறேன்.

அந்த நாளில் எங்களுக்குக் கைகொடுத்தது முதலில் கத்தி. வேலூரில் 1949-இல் ஜேக்கப் சாண்டியும், மறு ஆண்டு சென்னைப் பெரியாஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தியும் தொடங்கிவைத்த நரம்பு அறுவை சிகிச்சை, நான் படித்து வெளியே வந்தபோது நாற்பது வயதை எட்டித் தெம்பாக இருந்தது. சர்ஜன் கண்ணுக்குத் தெரிந்த கட்டியைச் சுத்தமாக எடுத்துவிடுவார். ஆனால் கிளியோபிளாஸ்டோமா கண்ணுக்குத் தெரிந்த இடத்தோடு நிற்பதில்லை. அதன் செல்கள் நல்ல மூளைக்குள் இழைஇழையாக ஊடுருவிப் போயிருக்கும். அமெரிக்காவில் வால்ட்டர் டேன்டி 1928-இலேயே மூளையின் வலது பாதி முழுவதையும் எடுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகும் கட்டி திரும்பி வந்தது. இதைப் பாடப்புத்தகத்தில் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பாதி மூளையைக் கொடுத்தும் தப்ப முடியாத நோயோடு, கோபால்ட் மெஷினையும் சில மாத்திரைகளையும் வைத்துக்கொண்டுதான் நாங்கள் மல்லுக்கு நின்றோம்.

கோபால்ட் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நம் மக்கள் வைத்த பெயர் ‘கரண்டு’. ‘முப்பது கரண்டு வெச்சாச்சு, இனிமே ஊசியா மாத்திரையா?’ என்று கேட்பார்கள். ஊசியும் உண்டு, மாத்திரையும் உண்டு. மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரு கூட்டு அப்போது நடப்பில் இருந்தது: புரோகார்பசின், லோமுஸ்டின், வின்கிரிஸ்டின். முதல் நாள் லோமுஸ்டின், எட்டாம் நாளும் இருபத்தொன்பதாம் நாளும் வின்கிரிஸ்டின் ஊசி, எட்டிலிருந்து இருபத்தொன்று வரை புரோகார்பசின். ரத்தத்திலிருந்து கண்டதும் மூளைக்குள் நுழையாதபடி மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரிலேயே ஒரு தடுப்பு உண்டு. அதைத் தாண்ட மருந்தின் மூலக்கூறு சிறியதாகவும் கொழுப்பில் கரைவதாகவும் இருந்தால் நல்லது. லோமுஸ்டின் அப்படிப்பட்டது. மற்ற உறுப்புகளின் புற்றுநோய்களைக் கரைத்த எத்தனையோ பேர்போன மருந்துகள் இந்தத் தடுப்புக்கு வெளியிலேயே நின்றுவிட, இது மட்டும் உள்ளே போகும்.

புரோகார்பசின் சாப்பிடும் நாட்களில் பழையதாகிப் புளித்த, ஊறிய சில உணவுகள் ஆகாது. ரத்த அழுத்தம் திடீரென்று ஏறிவிடும். எங்களிடம் இருந்த அச்சடித்த தாளில் சீஸ், ஒயின் என்று வெளிநாட்டுச் சாப்பாட்டுப் பட்டியல்தான் இருந்தது. வார்டில் வந்து உட்காரும் அம்மாக்கள் அதைக் கேட்டுவிட்டு ‘கருவாடு ஆகுமா? இட்லி மாவு ரெண்டாம் நாளுது ஆகுமா? மோர்மிளகாய்?’ என்று நம் சமையலறையையே எனக்கு முன்னால் பரப்புவார்கள். கருவாடு கூடாது, மாவு அன்றன்றைக்கு அரைத்தது போதும் என்று நானும் நர்ஸும் கூடிப் பேசி ஒரு தமிழ்ப் பட்டியல் எழுதி, கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தோம். வாந்திக்கு இன்றைக்குள்ள மருந்துகள் அப்போது இல்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மகள் நார்த்தங்காய் ஊறுகாயைச் சிறு துண்டாகக் கிள்ளி நோயாளியின் வாயில் வைப்பாள். இவர் மனைவி அவளுடைய அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுப்பார். ஊசி நாட்களில் அந்த வார்டில் ஒரு ஊரே கூடியிருக்கும். இன்றைய மருந்தை வீட்டிலேயே வெறும் வயிற்றில் படுக்கப் போகும்முன் விழுங்கிவிடலாம். ஆஸ்பத்திரிப் படுக்கை வேண்டாம், சொந்தத் தலையணை போதும். நோயாளிக்கு இது பெரிய விடுதலை. ஆனால் இந்தக் கட்டி வந்த வீட்டாருக்கு, இதே கட்டி வந்த இன்னொரு வீட்டாரைத் தெரியாமல் போய்விட்டது.

சிலருக்கு மருந்து கேட்டது, பலருக்குக் கேட்கவில்லை. அந்தக் காலத்தின் பெரிய புதிர் அதுதான். ஒரே வயது, ஒரே இடத்தில் கட்டி, ஒரே சர்ஜன், அதே கரண்டு, அதே மாத்திரை. ஒருவர் படத்தில் வளையம் சுருங்கி, அவர் மறுபடி வேலைக்குப் போய், பெண்ணுக்குக் கல்யாணம் செய்து பத்திரிகை கொண்டுவந்து கொடுப்பார். இன்னொருவருக்கு அடுத்த படத்திலேயே வளையம் பெரிதாகியிருக்கும். வீட்டார் அதற்குக் காரணம் தேடுவார்கள்: குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது, பத்தியம் தவறியது, நல்ல நாள் பார்க்காமல் ஆபரேஷன் செய்தது. நாங்களும் தேடினோம். கட்டியின் அளவா, இடமா, நோயாளியின் தெம்பா? அவை ஓரளவுதான் விளக்கின. உண்மையான விடை செல்லுக்குள் இருந்தது. அதை எட்டிப் பார்க்க எங்களிடம் வழி இல்லை.

வழி தேடியது தபாலில். இப்போதைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். கல்லூரி நூலகத்தில் இண்டெக்ஸ் மெடிக்கஸ் என்ற தடித் தடி வால்யூம்கள் உண்டு. மாதாமாதம் வரும் மருத்துவக் கட்டுரைகளின் பெயர்களைப் பொருள்வாரியாகப் பொடி எழுத்தில் அடுக்கியிருக்கும். அதில் தலைப்பைப் பிடித்து, அந்தப் பத்திரிகை நம் நூலகத்துக்கு வருவதில்லை என்று தெரிந்ததும், கட்டுரை எழுதியவருக்கே ஒரு அச்சடித்த கார்டு போடுவோம்: ஐயா, தங்களுடைய இன்ன கட்டுரையின் பிரதி ஒன்றை அன்புகூர்ந்து அனுப்ப வேண்டும். பிறகு காத்திருப்பு. சில வாரம், சில மாதம். ஒருநாள் தபால்காரர் அயல்நாட்டு முத்திரையோடு ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து நீட்டுவார். உள்ளே அந்தக் கட்டுரை, சில வேளை மூலையில் ஆசிரியரின் கையெழுத்தோடு ‘வாழ்த்துகளுடன்’ என்று ஒரு வரி. தபால் தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, இரவு முழுக்க அந்தக் கட்டுரையை அடிக்கோடிட்டுப் படிப்பேன். பார்த்திராத நாட்டில், பார்த்திராத ஒருவர், மெட்ராஸில் ஒரு டாக்டருக்காகத் தபால் செலவு செய்திருக்கிறாரே என்ற நெகிழ்ச்சியே அந்தக் கட்டுரையை இரண்டாம் முறை படிக்க வைக்கும். இண்டெக்ஸ் மெடிக்கஸ் அச்சில் வருவது 2004-உடன் நின்றுவிட்டது. இன்று என் மாணவி ஒரு கட்டுரையை டீக்கடை வாசலில் நின்று போனில் இறக்கி, டீ வருவதற்குள் சுருக்கத்தைப் படித்துவிடுகிறாள்.

இப்போது திரும்பிப் பார்க்கும்போது என்னை மிகவும் உலுக்குவது, அந்த விடை எங்கள் காலத்திலேயே உலகில் இருந்தது என்பதுதான். 1977-இல் லியோனா சாம்சனும் ஜான் கெய்ன்ஸும் ஈ கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு டிஎன்ஏவைக் கெடுக்கும் ரசாயனத்தைச் சிறிதுசிறிதாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அது பழகிக்கொண்டது, பிறகு பெரிய அளவு கொடுத்தாலும் தாங்கியது. அதைத் தாங்க வைத்த பழுதுபார்க்கும் புரதத்துக்கு நம் உடலிலும் ஓர் உறவு உண்டு. எம்ஜிஎம்டி என்பது அதன் பெயர். லோமுஸ்டின் போன்ற மருந்துகள் கட்டியின் டிஎன்ஏவில் குவானின் என்ற எழுத்தின்மேல் ஒரு ரசாயனத் துணுக்கை ஒட்டுகின்றன. எம்ஜிஎம்டி அந்தத் துணுக்கைப் பிடுங்கித் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது, அதோடு அதன் ஆயுள் முடிகிறது. கொட்டிய தேனீயைப் போல ஒரு புரதத்துக்கு ஒரே ஒரு காரியம்தான். செல்லிடம் இந்தப் புரதம் நிறைய இருந்தால் மருந்தின் வேலை அத்தனையும் வீண்.

2000-ஆம் ஆண்டு மானெல் எஸ்டெல்லரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரையைப் படித்தபோது பழைய வார்டு முழுவதும் என் கண்முன் வந்தது. கார்முஸ்டின் என்ற, லோமுஸ்டினின் நெருங்கிய உறவான மருந்தைக் கொடுத்த 47 பேரின் கட்டிகளை அவர்கள் சோதித்தார்கள். எம்ஜிஎம்டி ஜீனின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குறிகள் படிந்து அந்த ஜீன் அடங்கிக் கிடந்தவர்கள் 19 பேர். அவர்களில் 12 பேருக்கு மருந்து கேட்டது. ஜீன் விழித்திருந்தவர்கள் 28 பேர். அவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் கேட்டது. கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவரும், அடுத்த மாதமே நினைவிழந்து கிடந்தவரும் எங்கே பிரிந்தார்கள் என்று எனக்கு அன்று தெரிந்தது. பத்தியம் தவறியதாக வருஷக்கணக்கில் தன்னையே நொந்துகொண்டிருந்த ஒரு தாயிடம் இதைச் சொல்ல வேண்டுமென்று ஆசைப்பட்டேன். அவர் அப்போது இல்லை.

இன்று வீட்டிலேயே விழுங்கும் அந்த மருந்தும் முன்பே பிறந்திருந்தது. டெமோசோலமைடு இங்கிலாந்தின் பர்மிங்காமில், ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸின் குழு எண்பதுகளின் முற்பகுதியில் உருவாக்கியது. நாங்கள் விளக்குப் பெட்டியின் முன் நின்ற நாளிலேயே அது ஒரு புட்டியில் இருந்தது. நோயாளிகளுக்கான முறையாக அது நிலைபெற்றது 2005-இல்தான். ரோஜர் ஸ்டுப் தலைமையில் 573 பேரிடம் நடந்த ஆய்வில் கரண்டு மட்டும் வைத்தவர்களின் நடு ஆயுள் 12.1 மாதம், டெமோசோலமைடும் சேர்த்தவர்களுக்கு 14.6 மாதம். இரண்டரை மாதம்தானா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு வருஷம் தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாக உயர்ந்தார்கள் என்ற இன்னொரு வரியைத்தான் நான் அவர்களுக்குக் காட்டுவேன். நம் நாட்டுக் கம்பெனிகளும் இந்த மருந்தைச் செய்ததால் நடுத்தரக் குடும்பம் கடன் வாங்கியாவது எட்டிப் பிடிக்கும் தூரத்துக்கு அது வந்தது.

அந்த ஆய்வு வெளியான அதே இதழில், அதே நோயாளிகளைப் பற்றி மோனிகா ஹெகியின் கட்டுரையும் வந்தது. ஜீன் அடங்கியவர்களுக்கு டெமோசோலமைடு சேர்த்தால் நடு ஆயுள் 21.7 மாதம், விழித்திருந்தவர்களுக்கு 12.7. அங்கே மருந்து சேர்த்ததற்கும் சேர்க்காததற்கும் இடையே ஒரு மாதம்கூட இல்லை. அன்றிலிருந்து பயாப்ஸி ரிப்போர்ட்டின் கீழ்ப்பகுதியில் எம்ஜிஎம்டி என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியில் என் கண் போகும்போது எதிரே இருப்பவர்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள். பழைய காலத்தில் முதல் மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ‘பார்ப்போம்’ என்று சொன்னது இருவருக்கும் உண்மையாக இருந்தது. இன்றைக்கு ஜீன் விழித்திருக்கிறது என்று தெரிந்தும் பெரும்பாலும் அதே மாத்திரையைத்தான் எழுதுகிறேன், கைவசம் அதைவிடப் பெரிதாக வேறில்லை என்பதால். அந்தத் தெரியாமையில் ஒரு நிம்மதி இருந்தது. அதற்காக மறுபடி அந்தக் காலத்துக்குப் போகிறாயா என்று யாராவது கேட்டால் மாட்டேன் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் எதிரியின் பெயர் தெரிந்த பிறகுதான் உண்மையான சண்டையே தொடங்கியது.

அந்தச் சண்டை நேராக நடக்கவில்லை. எம்ஜிஎம்டியை முடக்கிவிட்டுப் பிறகு மருந்தைக் கொடுக்கலாம் என்று பென்சைல்குவானின் வகை மருந்து ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சோதனைக்கூடத்தில் அது அழகாக வேலை செய்தது. ஆனால் எலும்பு மஜ்ஜைக்கும் அதே புரதம்தான் காவல். கட்டியின் காவலை எடுத்தபோது மஜ்ஜையின் காவலும் போனது, ரத்த அணுக்கள் சரிந்தன, கீமோவின் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. சியாட்டிலில் ஹான்ஸ்-பீட்டர் கீம் குழுவினர் நோயாளியின் ரத்த மூலச் செல்களை வெளியே எடுத்து, அந்த மருந்துக்கு மசியாத மாற்றிய எம்ஜிஎம்டி ஜீனை அவற்றுக்குள் வைத்துத் திரும்பச் செலுத்திப் பார்த்தார்கள். மஜ்ஜை தாங்கியது என்று 2012-இல் எழுதினார்கள். மிகச் சிலரிடம் செய்த காரியம்தான். ஆனாலும் அந்தக் கட்டுரையை நான் ஒரு வீரனின் கதையைப் படிப்பதைப் போலத்தான் படித்தேன். டெமோசோலமைடை அடிக்கடி கொடுத்துப் புரதத்தைக் களைப்படையச் செய்யலாம் என்ற யோசனையும் பெரிய ஆய்வாக நடந்தது. 2013-இல் முடிவு வந்தபோது ஆயுள் கூடவில்லை. அந்த யோசனையின்மேல் எனக்கு நிறைய நம்பிக்கை இருந்தது.

ஜீன் அடங்கியிருந்து மருந்து நன்றாகக் கேட்டவர்களிடமும் கட்டி திரும்பியது. இம்முறை வேறு வேஷத்தில். டெமோசோலமைடு ஒட்டும் துணுக்கு தானாகச் செல்லைக் கொல்வதில்லை. அந்த இடத்தில் எழுத்துகள் பொருந்தாததைக் கண்டு அதைத் திருத்த முயலும் இன்னொரு பழுதுபார்ப்பு அமைப்பு, திருத்தித் திருத்தித் தோற்று, அந்த வீண் உழைப்பிலேயே செல்லைச் சாகவைக்கிறது. அந்த அமைப்பின் எம்எஸ்எச்6 போன்ற ஜீன்கள் கெட்டுப்போன செல்களோ பிழையைக் கண்டுகொள்வதே இல்லை. மருந்து மற்ற செல்களைக் கொன்று இவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிந்த கட்டி எழுந்து வருகிறது. 2015-இல் வேதியியல் நோபல் பரிசை டிஎன்ஏ பழுதுபார்ப்புக்காக டோமாஸ் லிண்டாலும் பால் மோட்ரிச்சும் அஸீஸ் சாஞ்சாரும் பகிர்ந்துகொண்டபோது, முதல் இருவரின் வாழ்நாள் வேலையும் என் வார்டின் கட்டில்களைத் தொட்டுக்கொண்டு போவதாக உணர்ந்தேன். எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் அன்று இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை.

பழைய லோமுஸ்டின் திரும்பி வந்ததும் எனக்கு மகிழ்ச்சியான செய்தி. ஜெர்மனியில் உல்ரிச் ஹெர்லிங்கர் குழு, ஜீன் அடங்கிய நோயாளிகளுக்கு டெமோசோலமைடோடு லோமுஸ்டினையும் சேர்த்துக் கொடுத்து, நடு ஆயுள் 31.4 மாதத்திலிருந்து 48.1 மாதமாக நீண்டதாக 2019-இல் வெளியிட்டது. சிறிய ஆய்வுதான்; 129 பேர். ஆனால் நாங்கள் நார்த்தங்காய்த் துண்டோடு சேர்த்துக் கொடுத்த அதே மாத்திரைக்கு, யாருக்கு அது உரியது என்ற அறிவு சேர்ந்ததும் கிடைத்த பலன் அது. இன்னொரு பக்கம், மூளைத் தடுப்பைத் தாண்ட முடியாத மருந்துகளுக்காகச் சிகாகோவில் ஆடம் சோனபெண்ட் குழுவினர் மண்டையோட்டில் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பதித்து, ரத்தத்தில் விடும் நுண்குமிழிகளை அதிரவைத்து, தடுப்பைச் சற்று நேரம் திறந்து மருந்தை உள்ளே அனுப்புகிறார்கள்.

இப்போது என் மேசைமேல் இருப்பது யேல் பல்கலைக்கழகத்தின் ரஞ்சித் பிந்த்ராவும் சேத் ஹெர்ஸனும் 2022-இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை. மாணவி போனில் படித்தாள். நான் அச்செடுத்துப் பென்சிலோடு படித்தேன். அவர்கள் செய்த கேஎல்-50 என்ற சேர்மம் டிஎன்ஏமேல் ஒட்டும் துணுக்கு மெதுவாக உருமாறி, இரண்டு இழைகளையும் குறுக்கே பிணைத்துவிடுகிறது. எம்ஜிஎம்டி உள்ள நல்ல செல் அந்தப் பிணைப்பு உண்டாகுமுன் துணுக்கைப் பிடுங்கித் தப்பித்துக்கொள்கிறது. அது இல்லாத கட்டிச் செல் மாட்டிக்கொள்கிறது. பொருந்தாமையைத் திருத்தும் அமைப்பு கெட்டிருந்தாலும் தப்ப முடியாது. கட்டி எதை இழந்து டெமோசோலமைடிடமிருந்து தப்பியதோ, அந்த வழி இங்கே அதற்கு உதவவில்லை. அந்தக் கட்டுரையில் எலிகளில் காட்டியது அது. நோயாளிகளுக்கான மருந்தாக வந்து சேர எத்தனை காலம் பிடிக்கும் என்பதை ஆஸ்டன் பல்கலைக்கழகத்துப் புட்டியின் கதையிலிருந்து நானே ஊகித்துக்கொள்கிறேன், அந்த ஊகம் பொய்யாகட்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் என் மாணவி கட்டுரையைப் படித்ததும் கேட்ட கேள்வி வேறு: ‘ஜீன் விழிச்சிருக்கிறவங்களுக்கு இதுவும் உதவாதே சார், நம்ம கிட்ட வர்றவங்கள்ல பாதிக்கு மேல அவங்கதானே?’ ஆமாம் அம்மா, அவர்கள்தான். ஹெகியின் கட்டுரையிலும் பாதிக்கு மேல் அவர்கள்தான், அன்று விளக்குப் பெட்டியின் முன் எனக்குப் பின்னால் நின்றவர்களின் வீட்டிலும் பெரும்பாலும் அவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அந்த நாளிலேயே பாக்டீரியாவிலும் புட்டியிலும் விடை இருந்ததென்றால், இவர்களுக்கான விடையும் இப்போது எங்கோ ஒரு ஆய்வகத்தில், இந்த நோயின் பெயரைக்கூடச் சொல்லாத ஒரு கட்டுரைக்குள் இருக்கலாம். அவளை வாரத்தில் ஒரு மாலை மூளைக்கட்டிகளை விட்டுவிட்டு ஈஸ்ட், பாக்டீரியா, டிஎன்ஏ பழுதுபார்ப்பு என்று படிக்கச் சொல்லியிருக்கிறேன். பழுதுபார்க்கும் புரதங்களைப் பற்றிய பழைய கட்டுரைகள் அடங்கிய என் இரும்பு பீரோவின் சாவியையும் கொடுத்துவிட்டேன். அவற்றில் பாதிக்கு மேல் இணையத்தில் கிடைக்கும் என்கிறாள், இருந்தாலும் எடுத்துக்கொண்டு போனாள்.